வலது கையை எடுக்காதிய

தொண்ணூறுகளில் எங்களைப் போன்ற கிராம நர்சுகளுக்கு மொபெட் ஓட்ட அரசாங்கமே பயிற்சி கொடுத்தது. பேட்டையில் ஒரு பொட்டல்தான் மைதானம். சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டு போட்டிருந்தார்கள். அவ்வளவு இடம் கிடக்க, எட்டின் ஒரு வளைவைப் பிள்ளையார் கோயிலுக்கு நேர் எதிரே கொண்டுவந்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவோம். முதல் வளைவு நன்றாகப் போகும். பிள்ளையார் எதிரே வந்ததும் வலது கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். ஆக்ஸிலேட்டர் அந்தக் கையில் அல்லவா இருக்கிறது? வண்டி திணறும், கால் தரையில் ஊன்றும். ஊன்றினால் தோல்வி.

"யம்மா, சாமியை இறங்கிக் கும்பிடுங்க. வண்டியில இருக்கையில வலது கையை எடுக்காதிய!" என்று பயிற்சி கொடுத்த போலீஸ் ஏட்டையா தொண்டை வறளக் கத்துவார். சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது அவரும் அங்கே கன்னத்தில் போட்டுக்கொள்வார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின மழைக்காலத்தில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து உள்ளே தள்ளி, கால்வாய்க் கரை ஊர் ஒன்றில் பிரசவம். பஸ்ஸுக்குக் காத்து நின்று, இறங்கி நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இறந்திருந்தது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "பஸ்ஸு கெடைக்கலியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். தேறாதவர்களுக்கோ வண்டி கிடையாது.

பரீட்சை அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டுவிட்டுத்தான் ஏறினேன். எதிரே வந்ததும் கை எழுந்துவிட்டது. யாரிடம் வேண்டினேனோ அவர் முன்னாலேயே தோற்றேன். கோபத்தில் அழுகை வந்தது.

"அழாதிய. மத்தியானம் இன்னொரு வாட்டி விடுதேன். அங்கன பாக்காம பைய ஓட்டுங்க," என்றார் ஏட்டையா.

மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பிள்ளையார் பக்கம் திரும்பவே இல்லை. தேறிவிட்டேன். ஆனாலும் அவரை அவமதித்துவிட்டது போல மனசு உறுத்தியது.

ஐப்பசியில் ஒருநாள் காலை, அந்தப் பெண்ணின் புருஷன் சைக்கிளில் வந்து கூப்பிட்டான். அவனை முந்திக்கொண்டு போனேன். வழியெல்லாம் அம்மன், சாஸ்தா, சுடலைமாடன் என்று கோயில்கள். என் கை ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

குழந்தை வீறிட்டு அழுதது. துடைத்துத் தாயின் நெஞ்சில் போட்டுவிட்டு, கையைக் கழுவினேன். பிறகுதான், வழியில் விட்டுவந்த சாமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.