கொலுப்படியில் மூன்று வோட்டு

எங்கள் அம்மா இரண்டு வோட்டில் தோற்றாள். இரண்டாயிரத்தில் தோற்றிருந்தால் அன்றிரவே சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். இரண்டு வோட்டில் தோற்றவர் வீட்டில் அப்படித் தூங்க முடியாது. யாரைப் பார்த்தாலும் இவர் போட்டாரா, அவர் போட்டாரா என்று ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மா கோயம்புத்தூரில் மழைநீர் வடிகால் கட்டும் பொறியாளராக இருந்தவள். அப்பாவின் கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்தபின் பத்து வருடமாக ஒரு மருந்துக்கடை கல்லாவில் நின்றாள். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருக்கோடியில் தண்ணீர் முழங்கால்வரை நிற்கும். எந்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது, எதை எவ்வளவு அகலமாக்க வேண்டும் என்று அம்மா படம் போட்டுக் கவுன்சிலுக்கு எழுதுவாள். அங்கிருந்து நன்றி என்று பதில் வரும். நான்கு வருடம் நன்றி வாங்கியபின் ஒருநாள் சொன்னாள்: “எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. எலக்‌ஷன்ல நானே நிக்கறேன்.”

அவள் நின்றது லோக்கல் போர்டுக்கு. எங்கள் பக்கத்துத் தெருக்கள், பூங்காக்கள், நூலகம் ஆகியவற்றைக் கவனிக்கும் சின்ன சபை. ஆறு இடம். வாக்காளர் ஒவ்வொருவரும் ஆறு பேர் வரைக்கும் டிக் போடலாம். அப்பா, “சரி, உன் ஆசை” என்று சொல்லி, அம்மாவின் படம் போட்ட பலகையை அவரே வாசல் வேலியில் ஆணி அடித்து மாட்டினார். அம்மா வீடு வீடாகக் கதவு தட்டப் போன மாலைகளில் அவரே ரசமும் வைத்தார். அதை ரசம் என்று அவர் ஒருவர்தான் சொன்னார்.

அந்த ஒன்றரை மாதத்தில் அம்மா வேறு ஆளாகிவிட்டாள். வடிகாலைப் பற்றி அவள் பேசினால் வெள்ளைக்காரக் கிழவர்கள்கூட வேலியருகே நின்று கேட்டார்கள். மருந்துக்கடையிலிருந்து வந்ததும் சோபாவில் சாய்கிறவள், இப்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுத்த தெருவுக்குக் கிளம்பினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியில் அவளை மேயர் என்றே சொல்லி வைத்திருந்தேன்.

இங்கே வாக்குச்சாவடியும் கிடையாது, விரலில் மையும் கிடையாது. வோட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். டிக் போட்டு, உறையில் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்பவேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. அந்த வருடம் பார்த்து நவராத்திரியும் அதே வாரத்தில் வந்தது. என்ன வேலை இருந்தாலும் கொலுவை விடமாட்டேன் என்று அம்மா அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்து, ஐந்து படி கட்டினாள்.

எங்களோடு சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை, முதியோர் இல்லத்தில் வேலை. பெரியவர்கள் மூன்று பேரும் அவரவர் உறையை ஒட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை சித்தி மூன்றையும் என் கையில் கொடுத்தாள்.

“அம்மன் பாதத்துல வெச்சு நல்லாக் கும்புட்டுட்டு, ஸ்கூல் போறப்ப தபால் பெட்டில போட்ரு கண்ணு.”

கலசம் வைத்த தட்டுக்கு அடியில் மூன்றையும் செருகிக் கும்பிட்டேன். திரும்ப எடுக்கக் கை நீட்டியபோதுதான் போன வருடம் வாங்கிய அடி ஞாபகம் வந்தது. கொலுவிலிருந்த செட்டியார் பொம்மையை விளையாட எடுத்துப்போனதற்காக வாங்கியது. கொலுவில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்று அன்றைக்கு அம்மா என்னை நூறு தடவை சொல்லவைத்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். தபால்காரர் கையில் இருப்பதைவிட அம்மன் காலடியில் இருப்பது உசத்தி என்றும் தோன்றியது. அந்த வருடம் முழுக்க நான் அம்மா பேச்சைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிறு மாலை முடிவு வந்தபோது வீடு நிறையச் சுண்டல் வாங்க வந்தவர்கள். அம்மா கைப்பேசியைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“ஏழாவது” என்றாள். “ரெண்டு வோட்டு.”

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டிக்குத்தான் முதலில் குரல் வந்தது. “ரெண்டோ? வெறும் ரெண்டோ பிள்ளை? நானும் போட்டனான், இவரும் போட்டவர். வடிவாப் பாருங்கோ, பிழையாயிருக்கும்.”

பிழை இல்லை. ஆறாவதாக வந்தவர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா. அம்மாவைவிட இரண்டே வோட்டு அதிகம். அப்பா வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். “விடு. இந்த ஊருக்குக் குடுத்து வெக்கல. இனிமே சாயங்காலமாச்சும் நிம்மதியா வீட்ல இருப்பே.” அம்மா அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “நம்ம வீட்டுலயே மூணு. இன்னும் ஒரே ஒரு வீடு போட்டிருந்தாப் போதுமே.”

நான் திரும்பிக் கொலுவைப் பார்த்தேன். கலசம் இருந்தது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மன் சொல்லமாட்டாள். நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா தோற்ற துக்கம் என்று எல்லோரும் என்னைக் கொஞ்சினார்கள். கொஞ்சக் கொஞ்ச எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விஜயதசமி கழிந்த மறுநாள் அம்மா கொலுவைக் கலைத்தாள். அப்பா ஆபீசில், சித்தி வேலையில். வீட்டில் நாங்கள் இருவர்தான். கலசத்தை எடுத்து, தட்டைத் தூக்கினாள். மஞ்சள் கறையோடு மூன்று உறைகள்.

“இது என்ன?”

அழுகையும் இங்கிலீஷுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கொலுவில் வைத்ததை எடுக்கக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்று முடித்தேன். அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

“ரெண்டுல தோத்தேன்” என்றாள். “மூணு இங்க கெடக்கு.” பிறகு சிரித்தாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அந்தச் சிரிப்பு.

அவள் ஏன் உறைகளைப் பிரித்தாள் என்று தெரியவில்லை. தன் பெயருக்கு நேரே விழுந்த டிக்கை ஒருமுறை கண்ணால் பார்க்க ஆசையாக இருந்திருக்கலாம். முதல் உறை அவளுடையதே. போர்டுக்கு ஒரே ஒரு டிக், தன் பெயருக்கு. இரண்டாவது சித்தியுடையது. சீட்டின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, அம்மாவுக்கு மட்டும் ஒரு டிக். அதைப் பார்த்து அம்மா நிஜமாகவே கொஞ்சம் சிரித்தாள்.

மூன்றாவதில் ஆறு டிக் இருந்தன. அம்மாவின் விரல் பெயர்ப்பட்டியலில் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போனது. மறுபடி கீழே வந்தது. அம்மாவின் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. ஆறில் ஒன்று தீயணைப்புத் தாத்தாவுக்கு. ஒவ்வொரு டிக்கும் வாலை நீட்டிக்கொண்டு அடுத்த பெயரைத் தொட்டது.

“இது அப்பா டிக்!” என்றேன் நான். “என் கணக்கு நோட்டுல இப்படித்தான் போடுவாரு.”

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு இரண்டு கூடும். தாத்தாவுக்கு ஒன்று கூடும். ஏற்கெனவே அவர் இரண்டு முன்னால். சரியாக வந்தது. இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தேன், அப்போதும் சரியாக வந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போயிற்று.

“அம்மா! நான் தபால்ல போட்டிருந்தாலும் நீ ஒரு வோட்டுல தோத்துத்தான் இருப்பே!”

“ஆமா கண்ணு” என்றாள் அம்மா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “உன் மேல தப்பே இல்ல.” கொஞ்சநேரம் கழித்து, நான் கேட்காமலே, இன்னொரு தடவையும் அதையே சொன்னாள்.

அம்மாவுக்கும் நிம்மதி வந்துவிட்டது என்றே நினைத்தேன். நன்றாகப் பசித்தது. மிச்சமிருந்த சுண்டலை வழித்துத் தின்றேன். சாயங்காலம் அப்பாவின் கார் சத்தம் கேட்டதும், இந்த நல்ல செய்தியை அம்மாவுக்கு முன்னால் நான்தான் சொல்லவேண்டும் என்று வாசலுக்கு ஓடினேன். அப்பா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் ஒண்ணும் தப்பு பண்ணல! நீங்க போட்ட வோட்டைப் பிரிச்சு எண்ணிப் பாத்தோம். அதையும் சேத்தாக்கூட அம்மா தோத்துட்டாங்க!”

அப்பா ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றார். என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று கையை நீட்டியபடி நானும் நின்றேன். கூடத்தில் அம்மா பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றும் சத்தம் நின்றுபோயிருந்தது.