ஞானம்மா அக்காவின் மூன்று வெயில்

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஞானம்மா அக்காவின் மகன் அருளப்பன் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்தினான். தெருமுனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வருகிறவன், அன்று அடிக்கவில்லை. "மாமா, அம்மா போயிட்டாங்க. கஞ்சி குடிச்சாங்க, சாச்சி உக்கார வைன்னாங்க. தலகாணிய எடுத்துக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சு" என்றான். நான் என்னையும் மீறி "அப்பாடா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவனோ தரையைப் பார்த்தபடி, "நானும் அதான் சொன்னேன் மாமா" என்றான். ஐந்து மாதமாக ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன்.

என் அப்பாடாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் நம் கட்டட வேலைக்காரர்கள் சங்க மலருக்கு ஞானம்மா அக்காவைப் பற்றி எழுத இந்த ஊரிலேயே என்னை விட்டால் ஆள் இல்லை என்று செயலாளர் என் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார். வீடு தேடி என்பது கொஞ்சம் அதிகம். டீக்கடையில் பார்த்தபோது கேட்டார். இன்று ஒரு நாளாவது உள்ளதை உள்ளபடி எழுதப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவிலிமேட்டுப் புது வீடுகளிலும் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை வாசல்களிலும் கூழாங்கல் பரப்பிய தோட்டம் எங்கே இருந்தாலும், அதில் கால் வைத்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவருக்கு முன்னால் நம் ஊரில் தோட்டம் என்றால் நான்கு செம்பருத்தி, ஒரு துளசி மாடம், மீதியெல்லாம் சாணி தெளித்த தரை, அவ்வளவுதான். நான் அவரை முதலில் பார்த்தது பாலாற்றில். அப்போது எனக்கு இரண்டு மாட்டு வண்டி, ஊரில் மேஸ்திரி என்று பெயர். அவர் மணல் சலித்து லோடு ஏற்றும் கூலி. அவரைப் பெற்றவர்கள் காலமெல்லாம் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள், ஒரு கை மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. சல்லடையில் நிற்கும் கூழாங்கற்களை மற்றவர்கள் வீசி எறிவார்கள். இவர் மட்டும் நிறம் பிரித்துக் குவித்து வைப்பார். அரக்கு ஒரு குவியல், வெங்காயத் தோல் நிறம் ஒரு குவியல், மயில் கழுத்து ஒரு குவியல். நெசவுத் தெரு வழியாக வேலைக்கு நடந்து வருகிறவர், அங்கே காயும் பட்டு நூலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஏற்றிக்கொண்ட நிறங்கள் அவை.

"இத்த இன்னாத்துக்கு சேத்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டேன். "சேல மாதிரி போடலாம்பா. உடலு ஒரு கல்லு, கரை ஒரு கல்லு" என்றார். அந்த நிமிடமே இதில் ஒரு தொழில் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மறு வாரமே நான் ஒரு வேலை பிடித்தேன். செவிலிமேட்டில் புதிதாக வீடு கட்டியிருந்த சமணக் குடும்பம், நயினார் வீடு. வீட்டு அம்மாளின் பெயர் பத்மாவதி அம்மாள். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. மழைக்காலம் நான்கு மாதமும் மண்ணைக் கொத்த மாட்டார்கள், மண்ணுக்குள் உயிர் இருக்கும் என்று. புல் வளர்த்தால் வெட்ட வேண்டும், வெட்டினால் அதில் இருக்கிற பூச்சி சாகும். அதனால் கல் தோட்டம் போட முடியுமா என்று கேட்டார்கள். "மைசூரில் ஒரு பெரிய தோட்டத்துக்கே நான்தான் கல் போட்டேன்" என்றேன். மைசூரை நான் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இந்த வேலைக்காக அக்கா மணல் லோடு வேலையை விட்டார். "போனா போனதுதான், திரும்ப வராத" என்று காண்டிராக்டர் சொல்லியே அனுப்பினார். புருஷன் இல்லாத வீட்டில் அவர் ஒருத்தர் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. நயினார் வீட்டு வேலை நல்லபடி முடிந்தால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. முடியாவிட்டால் பாலாற்றில் இடமில்லை, ஊரிலும் இடமில்லை.

தை மாதம் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்குள் வாசல் கேட்டிலிருந்து படி வரை கல் பரப்பிவிட வேண்டும். ஆற்று மேட்டில் வெயிலில் கிடக்கிற கல்லைத்தான் எடுக்க வேண்டும் என்றார் அக்கா. அது சாம்பல் பூத்துக் கிடந்தது. குட்டையில் கிடந்த ஈரக்கல்லோ கண்ணாடி மாதிரி மின்னியது. நான் ஈரக்கல்தான் வேண்டும் என்றேன்.

"ஈரத்துல எல்லாக் கல்லும் அழகுதாம்பா. காஞ்சாதான் நெசம் தெரியும்" என்றார். "அள்ளறதுன்னா அள்ளு. ஆனா மூணு வெயில்ல காயப் போட்டுத் திருப்பி விடணும். நிக்கறது நிக்கும், போறது போவும்."

"மூணு நாளுக்கு ஏதுக்கா டைமு?" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு நாள்தான் பாக்கி; முன்பே வண்டி கட்டியிருந்தால் நாள் இருந்திருக்கும். கடைசி நாள்வரை தள்ளிப்போட்டவன் நான். வண்டி என்னுடையது, மாடு என்னுடையது, பேச்சும் என்னுடையதாகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் கரையும் உடலுமாகப் பரப்பி முடித்தார் அக்கா. கல்யாணச் சேலையை விரித்த மாதிரி இருந்தது.

விடிந்ததும் நயினார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் முற்றமே நகர்கிறது. மிளகளவு, சுண்டைக்காய் அளவு நத்தைகள், கல்லுக்குக் கல் ஊர்கின்றன. பத்தாயிரம் இருக்கும் என்று இதுவரை சொல்லி வந்தேன். ஆயிரத்துக்குக் குறையாது, அது சத்தியம். பத்மாவதி அம்மாள் கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தார். அதை இறக்க இடமில்லை.

"இதுல உயிரு இருக்குதேபா" என்றார். "பத்தரைக்கு அவங்க வராங்க. அவங்களும் நம்ம சனம், வாசல் கேட்டத் தாண்ட மாட்டாங்க. பொண்ணு பாக்க வந்தவங்கள வாசலோட திருப்பி அனுப்பறதா?"

மண்வெட்டியால் வாரினால் பாதி நசுங்கும். என் மூளை வேகமாக வேலை செய்தது. "ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. ரெண்டு மூட்டை உப்பு வாங்கியாந்து தூவுனா அர மணியில எல்லாம் சுருண்டு பூடும்" என்றேன். அந்த வீட்டில்! அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "யாருபா ஈரக்கல்லு போடச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"நான்தாம்மா" என்றார் அக்கா. "நானே எடுத்துடறேன். ஒண்ணுகூட சாவாது."

அவர் அந்த வீட்டில் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்திருந்தார். அவர்கள் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். வடிகட்டிய துணியைச் சும்மா உதறுவதில்லை. அதில் தங்கிய உயிர் வந்த இடத்துக்கே போகட்டும் என்று மறுபடி கிணற்று நீரிலேயே அலசி விடுவார்கள். அக்கா என் வண்டியில் இருந்த கோணிகளை எடுத்துக் கிணற்று நீரில் நனைத்தார். காலடி வைக்கும் இடத்தை மட்டும் விரலால் பொறுக்கி ஒதுக்கி, அங்கே கால் வைத்து, அடுத்த அடிக்கு மறுபடி பொறுக்கி, மதில் நிழல் வரைக்கும் போனார். சமையல்கட்டிலிருந்து பூசணித் தோல் வாங்கிக் கற்கள்மேல் போட்டு, ஈரக் கோணியால் மூடினார். பிறகு முழங்காலில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"இன்னாக்கா சும்மா குந்திக்கினு இருக்கீங்க?"

"வெயிலு வேல செய்யுதுபா. நீ கம்முனு இரு."

ஏழரைக்குக் கல் சுட ஆரம்பித்தது. எட்டுக்கு நத்தைகள் திரும்பின. ஒன்பதுக்கெல்லாம் முற்றத்தின் வெயில் பக்கம் காலி, எல்லாம் கோணிக்கு அடியில். போகத் தெரியாத கொஞ்சத்தை அக்காவும் பத்மாவதி அம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து கையால் பொறுக்கினார்கள். கோணிகளை அப்படியே சுருட்டி வண்டியில் ஏற்றி, அதே குட்டையில் கொண்டு போய் விட்டேன். மாட்டை அன்று ஓட்டிய மாதிரி நான் என்றும் ஓட்டியதில்லை.

திரும்பி வந்தபோது பத்மாவதி அம்மாள் கல்லின்மேல் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பார்த்தார். "கரை போட்டிருக்குது பாரு!" என்று தன் மகனிடம் காட்டினார். கல்யாணம் நிச்சயமானது. சாயங்காலம் நான் மாட்டை அவிழ்க்கும்போது, பத்மாவதி அம்மாள் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "எங்க சனங்க எல்லார் வீட்டுக்கும் உன்னத்தான் சொல்லி அனுப்புவேன். மேஸ்திரி வண்டி மட்டும் ஓட்டட்டும்." அக்கா சிரித்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேலைக்குக் குறைவே வந்ததில்லை. நீங்களெல்லாம் கண்ணால் பார்த்ததுதான்.

இதே கதையை நான் ஊரில் வேறு மாதிரி சொல்லி வந்தேன். கோணியை நனைத்தவன் நான், முழங்காலில் உட்கார்ந்தவன் நான். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், ஒரு தடவை பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடமும் சொன்னேன். ஈரக்கல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதக் கடைசியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு மேஸ்திரி. எங்க ஓடப்போறேன்?"

"நயினார் வீட்டுக் கதைய சொல்றப்போ… கோணி போட்டது நான்னு சொல்லிக்கினு இருக்கறேன்."

அவருக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "தெரியும்பா. ஒரு பொம்பள எங்கிட்டயே வந்து, அந்த மேஸ்திரிக்கு இன்னா மூளைம்மான்னா. ஆமாமா, பெரிய மூளைன்னேன்."

"கோவம் வர்லயா?"

"வந்துது, ரெண்டு நாளு. அப்புறம் வேல இருந்துது." மூச்சு வாங்கிக்கொண்டார். "அது போவட்டும். ஈரக்கல்லு கேட்டது யாருன்னு உங்கதையில வருதா?"

"வராதுக்கா."

"அது வரணும்பா. வர்லன்னா, புச்சா தொழிலுக்கு வர்றவன் மறுபடியும் குட்டையில அள்ளிக்கினு வந்து கொட்டுவான். கோணி போட்டது யாரா இருந்தா இன்னா?" பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, "கோணி யாருது?" என்று கேட்டார்.

"என் வண்டிக் கோணி."

"அப்ப அத்த நீ வெச்சிக்கோ."

வெளியே வந்து சைக்கிளில் ஏறியபோது, பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அருளப்பன் வந்து நின்ற அன்று என் வாயில் அப்பாடா வந்ததும் அதனால்தான். சொல்லாமல் விட்டிருந்தால், இன்று யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

ஆகவே, கல் போடும் தம்பிகளே, அவர் சொன்னபடி அச்சில் ஏற்றுகிறேன். நயினார் வீட்டுக்கு ஈரக்கல் கேட்டவன் நான். உப்பு தூவலாம் என்று சொன்னவனும் நான். ஆற்றுக் கல்லுக்கு மூன்று வெயில் கொடுங்கள், திருப்பித் திருப்பிக் கொடுங்கள். அந்த முற்றத்தைக் காப்பாற்றியவர் ஞானம்மா அக்கா. கோணி மட்டும் என்னுடையது. அதை அவரே எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் வைத்துக்கொள்கிறேன்.