சின்னசாமியின் சாவுக்குச் சாட்சி

பேய், மறுபிறவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். ஐந்தாவது வரைதான் படித்தேன். கரும்பு டிராக்டர் ஓட்டினேன். கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவேன். இதையும் கண்ணால்தான் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்பு டிராக்டரில் டிரெய்லரை மாட்டும்போது வலது கை கொக்கியில் சிக்கியது. கட்டைவிரல் போயிற்று. அதிலிருந்து பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகித்தான் எழுதுகிறேன். ஆறுமுகம் என்று எழுதி முடிக்கும்போது கை தானாகச் சரியும், கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு வால் மாதிரி கீழே இழுத்துக்கொண்டு போகும். நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் தெருவில் யார் செத்தாலும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பதிய என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். என்னிடம் வண்டி இருக்கிறது, எனக்கு அவ்வளவு சீக்கிரம் அழுகையும் வராது. போய் விவரம் சொல்லி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். டீக்கடையில் கேலி செய்வார்கள்.

"மாமா வண்டிய எடுத்துட்டாருடா, யாரு வூட்ல இன்னா ஆச்சுன்னு பாரு."

நான் வண்டியை நிறுத்துவதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் விழுந்தது. நானும் என் மனைவி அஞ்சலையும் மாட்டுக் கொட்டகையில் படுத்தோம். அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டேன். மனை இன்னும் என் தாத்தாவின் அப்பா சின்னசாமி பேரில் இருக்கிறது, அவர் செத்ததற்குச் சான்று இருந்தால்தான் பேர் மாற்ற முடியும், அது மாறாமல் வீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தாத்தா தவழ்கிற குழந்தையாக இருந்தபோது அவர் வாந்திபேதியில் போனார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்குள் ஏதாவது ஆக வேண்டும், மீதிச் சுவர்களும் நிற்காது.

பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லாவிடம் போனேன். அது முன்பு புதுச்சேரி டவுனில் ஒரு வக்கீலிடம் பிரெஞ்சுக் காகிதம் படிக்கிற வேலையில் இருந்த பெண். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும் என்றது. மூன்று நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஒவ்வொரு வருடமாகத் தள்ளிக்கொண்டே போனது. நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் புரியாது. பக்கத்துக்கு அடியில் அங்கங்கே இருக்கும் தமிழ்க் கையெழுத்துகளை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், "அண்ணே, மாட்டிக்கினாரு உங்க பெரிய தாத்தா" என்றது.

படித்துச் சொன்னது. "சின்னசாமி, பயிர்த்தொழில், முப்பத்தோரு வயசு, காலைல ஆறு மணிக்கு சொந்த வூட்ல எறந்துட்டாரு. பொண்டாட்டி பேரு, அப்பா பேரு, நீங்க சொன்னதேதான். ரெண்டு பேரு மேரிக்கு வந்து சொல்லிக்கிறாங்க." கொம்யூன் ஆபீசுக்கு அப்போது மேரி என்று பெயர். "ஒருத்தருக்கு எழுதத் தெரியாதாம். இன்னொருத்தரு கையெழுத்து போட்டுக்கிறாரு, இருங்க."

அடியில் இருந்ததைப் பெரிதாக்கியது.

அது என் கையெழுத்து.

என்னுடையது மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஆறுமுகம் என்று இருந்தது, கடைசி எழுத்திலிருந்து வால் கீழே போயிருந்தது, என் பேனா எந்த இடத்தில் சரியுமோ அதே இடத்தில் சரிந்திருந்தது. பேர் பெரிய விஷயம் இல்லை, எங்கள் பக்கம் தெருவுக்கு மூன்று ஆறுமுகம் இருப்பான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் அந்தப் பேரில் யாரும் இல்லை, அதுவும் போகட்டும். ஆனால் அந்த வால் கட்டைவிரல் இல்லாத கைக்குத்தான் வரும்.

ஸ்டெல்லா என் கையைப் பார்த்தது. முதல் நாள்தான் நான் கையெழுத்துப் போட்ட மனுவை நகல் எடுத்திருந்தது.

"அண்ணே, நீங்க இதுல ஏதாச்சும்..." என்று ஆரம்பித்து, கேட்பது என்னவென்று அதற்கே உறைத்துச் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டது.

"வேற இன்னாம்மா போட்டிருக்கு?"

"ஆறுமுகம், வயசு அம்பத்தாறு, பக்கத்து வூட்டுக்காரரு. அவ்ளோதாண்ணே."

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு. நகல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு வேண்டியது சுவர்.

பேர் மாற்றுகிற ஆபீசில் அதுவே வினையாகிவிட்டது. அங்கிருந்த அதிகாரி நகலையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாபா, ரெக்கார்டு மேலயே கையெழுத்து போட்டு எடுத்தாந்துக்கிற?"

"நான் போடல சார்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது. கேஸ் ஆயிடும், தெரியுமா? வூடும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டார். எனக்கு வாதாடத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். கடையைச் சாத்திவிட்டு வந்து, அவருடைய கம்ப்யூட்டரிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியது. அதிலும் அதே கையெழுத்து இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வால் விழுந்தது. அந்தத் தாளை நகல் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கோடு மேல் கோடு உட்கார்ந்தது.

நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டார். வெள்ளைத் தாளை நாலாக மடித்து நீட்டினார்.

"இத நீயே வெச்சிக்கபா. ஆபீஸ்ல வேணாம்."

பேர் மாறிவிட்டது.

அன்று சாப்பிடும்போது அஞ்சலையிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"கை மாட்டிக்கினப்ப, ஆஸ்பத்திரில மயக்கத்துல நீங்க ஒண்ணு சொன்னீங்க."

"இன்னா சொன்னேன்?"

"கட்ட வெரலு இல்ல சார், கையெழுத்தே போடறேன்னீங்க. ரெண்டு மூணு தபா சொன்னீங்க. அப்ப வெரலு இருந்திச்சு. மக்காநாளுதான் எடுத்தாங்க."

"இத்தினி வருசமா ஏண்டி சொல்லல?"

"வலில பெனாத்தறீங்கன்னு வுட்டுட்டேன்."

மழைக்கு முன்னால் வீடு எழும்பியது. புதுவீட்டில் பால் காய்ச்சினபோது ஸ்டெல்லா வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"மனசு கேக்காம முன்ன பின்ன பக்கமெல்லாம் தேடிப் பாத்தேண்ணே. உங்க ஊரு சாவுக்கெல்லாம் அந்தக் கையெழுத்து கீது. இருவது வருசத்துக்கு வருது."

"என்ன மாரி எவனோ ஒருத்தன் போயிக்கினு இருந்திருப்பான்மா."

"இருக்கலாம். ஆனா வயசு எல்லாத்துலயும் அம்பத்தாறுதான் போட்டுக்கிறாங்க. மொத வருசமும் அம்பத்தாறு, கடைசி வருசமும் அம்பத்தாறு."

எழுதினவன் முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதியிருப்பான் என்று சொன்னேன். இருக்கும்தானே. அதுவும் தலையாட்டியது.

போன வாரம் எங்கள் தெருவில் கோடி வீட்டுக்காரர் இறந்துபோனார். கூப்பிட்டார்கள், போனேன். யாராவது போக வேண்டுமே. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். சாட்சியின் வயது என்று இருந்த கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். மேசையில் இருந்த பெண் புதிது, என்னைத் தெரியாது. என்னை எதுவும் கேட்கவும் இல்லை. குனிந்து தானே ஏதோ நிரப்பிவிட்டு நகலைக் கொடுத்தது. வெளியே வண்டியருகில் வந்து பிரித்துப் பார்த்தேன்.

ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தது. எனக்கு ஐம்பத்தாறு ஆக இன்னும் நாலு மாதம் இருக்கிறது.