ஹெட்போனின் இடது பக்கம்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு என் மகள் ஜெனி, "அப்பா, ஹெட்போன்ல இடது பக்கம் போயிருச்சு" என்றாள். அப்போதே மருத்துவரைத் தேடியிருக்க வேண்டும். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

ஜெனிக்குப் பதினாறு வயது. கொடைக்கானலில் தான் படிக்கும் பள்ளியின் இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். கேட்டுப் பழகுவதற்காக ஆசிரியை ஒரு சி.டி. கொடுத்திருந்தார். ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவர்ச்சர்கள் (நாடகத்துக்கு முன்னுரையாக இல்லாமல், தானே ஒரு கதை சொல்லி முடிக்கும் இசை). கடலும் புயலும் ஏராளம்.

நான் அதே பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். வயர் விஷயத்தில் வேறு யாரையும் பேச விடமாட்டேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டச் சொன்னேன்.

"இப்பவும் இடது காதுலதான்பா கேக்கல."

அப்படியானால் இரண்டு பக்கமும் பழுது என்று முடிவு செய்தேன். என் காதில் வைத்தால் இரண்டும் நன்றாகவே கேட்டன. லூஸ் கனெக்‌ஷன் என்றேன். ஞாயிறு மாலை வரை வயர்களை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லாதான், "ஏங்க, அந்த வயரக் கீழ போட்டுட்டு புள்ள காதப் பாருங்க" என்றாள்.

திங்கள் காலை மதுரை மருத்துவமனைக்குப் பேருந்தில் மலையிறங்கினோம். மலைப்பாதையில் எனக்குக் காது அடைத்தது. அவளுக்கும் இந்த அடைப்புதான் என்று நம்பினேன். வத்தலக்குண்டில் எனக்குத் திறந்துகொண்டது. அவளைப் பார்த்தேன். தலையசைத்தாள், இல்லை என்று.

திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு (உட்காதோ அதன் நரம்போ ஓரிரு நாளில் செயலிழப்பது) என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) எழுதினார். முழுதாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்; முதல் நாட்கள் முக்கியம்.

"ரெண்டு நாளா என்ன சார் பண்ணீங்க?"

"சால்டரிங், டாக்டர்."

அவர் பேனாவை மூடினார்.

ஹெட்போன் கூடாது, பெரிய சத்தம் கூடாது. எனவே வீட்டில் ஒரு சோதனை ஏற்பாடு செய்தேன். ஜெனி வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுப்பாள். அதே சி.டி.யை ஸ்பீக்கரில் மெல்லப் போடுவேன். கேட்கிறது என்றால் கை தூக்க வேண்டும். கை உயரவில்லை. மறுநாள் ஒலியை ஒரு புள்ளி கூட்டினேன். அதற்கடுத்த நாளும். ஆறாம் நாள் புயலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கை உயர்ந்தது. நான் அழுதேன்.

அடுத்த பரிசோதனையில் சிறிய முன்னேற்றம்தான். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"அப்பா தெனமும் கூட்டி வைக்கிறாரு, டாக்டர். தலகாணியே அதிருது. அதான் பாவம்னு கை தூக்கினேன்" என்றாள் ஜெனி.

ஸ்டெல்லா ஸ்பீக்கரின் ஒலித் திருகைக் குறைந்த அளவில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். அதன்பின் என் நாட்கள் கடிகாரத்தில் நகரவில்லை. உயராத ஒரு கையைப் பார்த்தபடி நகர்ந்தன. என் இரு காதுகளும் நலமாக இருப்பதே வெட்கமாக இருந்தது.

பதினான்காம் நாள் காலை. கடல் மெல்லத் தொடங்கியது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்டது, அசையவில்லை. தலையணையிலிருந்து தலையை எடுக்காமலே ஜெனி சொன்னாள்: "அப்பா, கேட்டுல யாரோ கூப்புடுறாங்க."

ஓடினேன். சிலிண்டர் கொண்டுவருபவர், தோளில் சுமையோடு நின்றார்.

"என்னா சார், இன்னைக்கு ஒரே சத்தத்துல வந்துட்டீங்க! போன வாரம் ரெண்டு தடவ வந்து தொண்ட வத்தக் கத்தினேன். வீட்டுல எல்லாருக்கும் காது போச்சுன்னுல்ல நெனச்சேன்."