லிஃப்ட் தீமில் ஒரு பிறந்தநாள்

என் மகன் முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை. அப்பாவும் இல்லை. "ஃபோர்த் ஃப்ளோர்." எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்டில் ஒரு பெண்குரல் ஒவ்வொரு மாடியிலும் அப்படிச் சொல்லும். மூன்று வயது வரை வாயே திறக்காதவன் ஒருநாள் அந்தக் குரலின் அதே இழுப்போடு சொன்னான். நான் அழுதேன். சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி. சுமந்து பெற்றவளை விட்டுவிட்டு ஒரு மெஷினைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு ஐந்து வயது முடியும்போது பிறந்தநாளைப் பெரிதாகச் செய்வது என்று முடிவு செய்தேன். ஆசை ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் முன்பு, கீழே விளையாடும் இடத்தில் அவன் ஒரு பெண் குழந்தையின் கையைக் கடித்துவிட்டான். ஊஞ்சலில் இருந்தவனை அவள் பின்னாலிருந்து தள்ளினாள். சொல்லாமல் தொட்டால் அவனுக்கு ஆகாது. பல் நன்றாகப் பதிந்துவிட்டது. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்ல என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் கீழே இறங்கினால் போதும், மணலில் விளையாடும் பிள்ளைகளை அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பால் குடிக்கணும், ஹோம்வொர்க் இருக்கு, இருட்டப்போகுது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

ஒரு பிள்ளையாவது அவனோடு விளையாட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நல்ல பார்ட்டி வைத்தால் வருவார்கள் என்று நினைத்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மெண்டில் தீம் இல்லாமல் பிறந்தநாள் கிடையாது. பலூன் கட்டி அலங்காரம் செய்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் போனில் காடு, கடல், டைனோசர், இளவரசி என்று படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். லிஃப்ட் வேண்டும் என்றேன். அதை யாரும் கேட்டதில்லை மேடம், ராக்கெட்டாகப் பண்ணிவிடலாமா, அதுவும் மேலேதானே போகிறது என்றார். வாசலைக் காட்டினேன்.

நாங்களே செய்தோம். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் கடையில் கேட்டு இரண்டு பெரிய அட்டைப்பெட்டி தூக்கி வந்தார். அவற்றை வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, இழுத்தால் திறக்கிற கதவு செய்தோம். பாட்டில் மூடிகள்தான் பட்டன்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொப்பி, தொப்பியில் ஒரு மாடியின் நம்பர். கேக்கும் லிஃப்ட் பட்டன் பலகை மாதிரி, கீழே ஜி, மேலே ஒன்பது வரை. ஒரு வாரம் ஆபீஸ் விட்டு வந்து இதே வேலை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை வரிசையாக அடுக்குவான். நாங்கள் தப்பாக ஒட்டினால் பிய்த்துவிடுவான். அந்த வாரம்தான் வீட்டில் கொஞ்சம் சிரித்தோம்.

அழைப்பை பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நான் எதையும் மூடி மறைத்துப் பேசுகிறவள் இல்லை. நேராக எழுதினேன்: என் மகன் முன்பு ஒரு குழந்தையைக் கடித்தது உண்மை, இந்த முறை நான் அவன் பக்கத்திலேயே இருப்பேன், யாரும் பயப்படாமல் பிள்ளைகளை அனுப்புங்கள். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது தேவையா?" என்று மட்டும் கேட்டார். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று கத்தினேன். ஏழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். எட்டாவது மாடியில் இருக்கிற வேலூர்க்காரப் பெண் இரண்டு கேக் படமும் சேர்த்துப் போட்டாள். அவள் மகளுக்கும் என் மகன் வயதுதான். வெளியூரில் நம் பேச்சு பேசுகிறவள் என்பதால் அவள்மேல் எனக்குத் தனி நம்பிக்கை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. யாரும் இல்லை. ஐந்தரைக்கு மணி அடித்தது. என் மகன் அட்டைக் கதவுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றுகொண்டான். வந்தது வீட்டுவேலை செய்கிற அம்மா. எங்கள் பிளாக்கில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறவர். கையில் ஒரு பெரிய பை, அதில் மூன்று கிஃப்ட் பார்சல். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

"ஜுரமாம்மா."

மூன்று வீட்டிலேயுமா என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே தம்பிக்கு நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

மகனுக்குப் பொறுமை போய்விட்டது. என் கையை இழுத்து வெளியே லிஃப்டுக்கு முன்னால் நிறுத்தினான். மேலே சிவப்பு நம்பர் ஓடும், அதைப் பார்ப்பது அவனுக்கு உயிர். ஜி-யிலிருந்து கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் நிற்கவில்லை. எட்டில் நின்றது. "எய்த் ஃப்ளோர்," என்றான். இறங்கியது. இரண்டாவது மாடியில் நின்று மறுபடி ஏறியது. நாலைத் தாண்டும்போது உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "எய்த் ஃப்ளோர்." ஆறாவது மாடியிலிருந்து ஒரு தடவை. "எய்த் ஃப்ளோர்." கைதட்டி கைதட்டிக் குதித்தான். ஒரே மாடிக்கு இத்தனை தடவை லிஃப்ட் போய் அவன் பார்த்ததே இல்லை.

நான் அவனைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். எட்டை அவனே அழுத்தினான்.

வேலூர்க்காரி வீட்டு வாசலில் சின்னச் சின்ன செருப்புகள் குவிந்து கிடந்தன. நடந்தால் விளக்கு எரிகிற ஷூ ஒன்று. அது கடிபட்ட பெண்ணுடையது. உள்ளே ஏதோ படம் ஓடுகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல். மணியை அழுத்தினேன். அவள்தான் திறந்தாள். தலையில் தொப்பி போட்டிருந்த என்னையும் என் மகனையும் பார்த்தாள்.

"அக்கா... உள்ள வாங்கக்கா."

"எத்தனை பேர்?"

"நான் கூப்பிடலக்கா. கடிச்ச விஷயம் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. நீங்களே குரூப்ல போட்டீங்க. அதைப் படிச்சிட்டு எல்லாரும் எனக்குப் போன் பண்றாங்க, என்ன பண்றதுன்னு. பிள்ளைங்க இங்க இருந்தா அங்க ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு..."

திட்டுவதற்காகத்தான் ஏறி வந்தேன். வாயில் நல்ல வார்த்தைகளாக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் ஆத்திரமாக இருந்தது. என் மகன் அவளையும் பார்க்கவில்லை, செருப்புகளையும் பார்க்கவில்லை. லிஃப்ட் கதவு மூடிவிடப்போகிறதே என்று என் புடவையை இழுத்துக்கொண்டிருந்தான்.

கீழே வந்தோம். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். மகன் கேக்கை வெட்ட விடவில்லை. பத்துப் பட்டனையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான், முழங்கை வரை கிரீம். யாருக்கும் போகாத தொப்பிகளை மாடி வரிசைப்படி தரையில் அடுக்கினான். அவனுக்கு அது நல்ல பிறந்தநாள்தான் என்றார் வீட்டுக்காரர். ஒன்பது தொப்பி ஆளில்லாமல் கிடக்கிறது, இதில் என்ன நல்ல பிறந்தநாள்.

குரூப்பில் போட்டதை அன்றைக்கே அழிக்கப் பார்த்தேன். போட்டு நாள் கடந்துவிட்டதால் எல்லார் போனிலும் அழியவில்லை, என் போனில் மட்டும்தான் அழிந்தது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அட்டை லிஃப்டை இன்னும் தூக்கிப் போடவில்லை, அவன் விடமாட்டான். தினமும் மாலையில் நிஜ லிஃப்டில் அவனைக் கூட்டிப் போகிறேன். கீழே கதவு திறந்தால் சில நாள் பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரமாட்டார்கள். "நீங்க போங்க ஆன்ட்டி, நாங்க அடுத்ததுல வர்றோம்." மரியாதையாகத்தான் சொல்வார்கள். வளர்ப்பு அப்படி.

ஆள் வெளியே நின்றால் கதவைத் திறந்து பிடிக்கவேண்டும் என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே நிற்கிறான். அவர்கள் வெளியே நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் கத்த ஆரம்பிக்கும். அப்போதும் விடமாட்டான். நான்தான் அவன் விரலை எடுக்க வேண்டியிருக்கிறது.