உள்ளே விட்ட துணி

பாகலூர் சாலையில் என் தையல் கடைக்கு ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி வருவாள். முதல் தடவை அம்மாவோடு வந்தாள். ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த அந்த அம்மா, "வளர்ற புள்ளக்கா, யூனிபார்ம்ல உள்ள நல்லா துணி விட்டுத் தைங்க" என்றாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்.

அப்புறம் அவள் தனியாகவே வந்தாள், அதே யூனிபார்ம் சுடிதாரை இன்னும் பிடித்துத் தரச் சொல்லி. பிடிக்கப் பிடிக்க உள்ளே துணி கூடிக்கொண்டே போனது. அவளுக்குக் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. டேப்பை இடுப்பில் வைத்தாலே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

"மூச்ச விடு பாப்பா. எலும்புதான் இருக்குது, இன்னும் எங்க பிடிக்கிறது?"

போனை நீட்டினாள். எப்போதோ, கன்னம் உப்பியிருந்தபோது அவள் ஆடிய ரீல்ஸ். கீழே யாரோ "பன்னு" என்று எழுத, நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

"இத இன்னுமா பாக்கற? சாப்புட்டியா?"

"ஆச்சுக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "உள்ள இருக்கிற துணிய வெட்டிடுங்க. அது இருந்தா திரும்பக் குண்டாயிடுவேன்னு பயமா இருக்குது."

சரி என்றேன். மனசு வரவில்லை. வெட்டாமல் மடித்து, லைனிங்குக்குள் மறைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அதன்பின் அவள் வரவில்லை. விசாரித்தபோது வீடு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூட பஸ் போனால் இன்றும் ஜன்னல்களைப் பார்க்கிறேன்.

லைனிங்கைப் பிரித்தால் போதும், அவள் வளர்வதற்கான துணி அப்படியே இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாதே.