நாலு மணிக்கு மூணாவது மாடி ஜன்னல்

வெலிசாரின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிதாக ஒன்றுமில்லை. அவனே அப்படித்தான் சொல்லுவான். பிரோட் ஊர் டயர் தொழிற்சாலையில் ரப்பர் கலக்கும் வேலை, பதினேழு வருஷத்துக் கல்யாணம், அந்தக் கல்யாணத்து வயசே ஆன ஒரு கார். வெள்ளை வண்டி, இடதுபக்கக் கதவு மட்டும் பச்சை. எங்கேயோ இடித்துக்கொண்ட பிறகு பழைய சாமான் கடையில் பொறுக்கி மாட்டிய கதவு அது. ஊரே அந்த வண்டியை ஷாருலா என்று கூப்பிட்டது. எங்கள் பக்கம் புள்ளிமாட்டுக்கு வைக்கிற பேர்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தால் தொழிற்சாலை வாசல் காப்பிக்கடையில் மூணு பேர் கூடுவார்கள். வெலிசார், அச்சுப் பிரிவில் வேலை செய்கிற குரூயா, தபாலாபீசில் ஸ்டாம்பு விற்கிற திஹோமிர். குரூயா பேசினால் எதிர்த்தெருவில் ஜன்னல் திறக்கும், அவ்வளவு தொண்டை. திஹோமிர் அதற்கு நேர் எதிர். ஜூலை மாசத்திலும் காதில் பஞ்சு, கழுத்தில் துண்டு, கையில் பிளாஸ்க்கு நிறைய சூடான சாமந்திப்பூ டீ. பட்டாளத்தில் இருந்தபோது குறுக்குக் காத்து அடித்து ஒரு வாரம் கழுத்து திரும்பாமல் கிடந்தவன் அவன்.

குறுக்குக் காத்து எங்களுக்கு விளையாட்டில்லை. எதிரெதிரே ரெண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் உட்கார்ந்தவன் தொலைந்தான். கழுத்துப் பிடிக்கும், காது அடைக்கும், இடுப்பு வலிக்கும். டாக்டரே வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். ஊரில் இதை நம்பாத ஒரே ஆள் வெலிசார். "காத்தாவது, பிடிக்கிறதாவது! நாக்கு தள்ளுற வெயில்ல காத்து வந்தா கும்பிட்டு உள்ள கூப்பிடணும்டா" என்பான். திஹோமிர் காதுப் பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்வான்.

மூணு பேரும் பேசாத பேச்சில்லை. ஷாருலாவின் கிளட்ச்சு, கோடைமழை ஏமாற்றியது, குழாயில் தண்ணி நின்றது, இந்த வருஷம் மிளகாய் எப்போது பழுக்கும், எல்லாம் பேசுவார்கள். ஒன்றை மட்டும் தொடமாட்டார்கள். குரூயாவுக்கு மூணு பிள்ளைகள். திஹோமிருக்கு ஒரு பையன். அந்த நாலு பேரைப் பற்றி வெலிசாருக்கு முன்னால் ஒரு வார்த்தை வந்தது கிடையாது. வெலிசாரின் பெண்டாட்டி ராத்மிலாவுக்கு மூணு தடவை கரு உண்டாகிக் கலைந்துபோயிற்று. அப்புறம் யாரும் சொல்லிவைக்காமலே ரெண்டு பேரும் அப்படி ஒரு வேலியைப் போட்டுக்கொண்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் போதும், "என்ன வெயில்டா இது!" என்று யாராவது ஒருத்தன் கத்திவிடுவான்.

அப்படி இருந்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமை காலையில் நீஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தொழிற்சாலைக்குப் போன் வந்தது. பெண் குழந்தை! மூணு கிலோ நூறு கிராம்! தாயும் பிள்ளையும் சுகம்!

அடேயப்பா, அந்தக் கூச்சல்! வெலிசார் போனை வைப்பதற்குள் குரூயா பாய்ந்து சட்டையைக் கிழித்துவிட்டான். குழந்தை பிறந்தால் அப்பன் சட்டையைக் கூட்டாளிகள் கிழிக்க வேண்டும். கிழியாத சட்டையோடு எங்கள் ஊரில் எவனும் அப்பன் ஆனதில்லை. சாயங்காலம் காப்பிக்கடையில் இன்னொரு சட்டையும் போனது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த திஹோமிர் முகத்தைச் சுளித்தான்.

"டேய் குரூயா, இங்க பாரு. கக்கத்துல ஏற்கனவே ஓட்டை. இது கந்தல்டா!"

"காலையில கிழிச்சதும் கந்தல்தான்! அப்பவே லேசா வந்துச்சேன்னு பார்த்தேன்" என்று குதித்தான் குரூயா. "ஒரு வாரமா பழசாப் பார்த்துப் போட்டுட்டுத் திரிஞ்சிருக்கான் கஞ்சப்பய! பிரோட்காரன்னாலே கஞ்சன்னு ஊர் சொல்றது சும்மாவா? இது செல்லாது, மாப்ள. நல்ல சட்டை ஒண்ணு கிழிஞ்சாத்தான் கணக்கு."

வெலிசாரிடம் நல்ல சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராத்மிலா ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் தேய்த்து மாட்டிவைத்துவிட்டுப் போன வெள்ளைச் சட்டை. அவள் சொல்லிவிட்டுப் போனது ஒன்றும் இருந்தது. புருஷன்மாரைப் பிரசவ வார்டுக்குள் விட மாட்டார்கள். கீழே முற்றத்தில் நின்று மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், மூணாவது தடவை எல்லாம் முடிந்துபோனபோது, ராத்மிலா அந்த ஜன்னலில் வந்து நின்றிருக்கிறாள். வெலிசார் ஷிப்டு முடிந்து, ஷாருலா கிளம்பாமல், பஸ்ஸையும் தவறவிட்டு, ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். முற்றம் காலி, ஜன்னலும் காலி. அதைப் பற்றி அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. இந்தத் தடவை மட்டும் சொன்னாள்: "நான் ஜன்னலுக்கு வரும்போது நீ கீழ இருக்கணும்."

புதன்கிழமை அவளை எழுந்து நடக்க விட்டார்கள். நாலு மணிக்கு மூணாவது மாடி ஜன்னல். நர்சம்மா கொடுத்தது கால் மணி நேரம்.

ரெண்டு மணிக்கு ஷாருலா கிளம்பியது. ஓட்டுவது வெலிசார், பக்கத்தில் குரூயா, பின்னால் திஹோமிர், அவன் மடியில் பிளாஸ்க்கு.

"அவ பார்க்கிற வரைக்கும் இந்தச் சட்டை மேல கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றான் வெலிசார்.

"அவ பார்க்கிற வரைக்கும்" என்றான் குரூயா. அப்போதே விரலில் நெட்டி முறித்தான்.

"ஜன்னல் ஒண்ணுதான் திறந்திருக்கணும்" என்றான் திஹோமிர். "ரெண்டு பக்கமும் திறந்தீங்கன்னா நான் இங்கயே இறங்கிக்கிறேன்."

"இறங்குடா, வண்டி இன்னும் ஜோரா ஓடும்!"

எழுபது கிலோமீட்டர். படுத்துத் தூங்கினாலும் மூணரைக்குப் போய்விடலாம். குரூயா பாட்டை எடுத்துவிட்டான். வெலிசார் அங்கே போய் என்ன கத்துவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருஷமாகச் சேர்த்து வைத்தது தொண்டை வரைக்கும் இருந்தது, ஆனால் முதல் வார்த்தை எது என்றுதான் பிடிபடவில்லை.

பள்ளத்தாக்கு ரோடு தொடங்குகிற இடத்தில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். தர்ப்பூசணி லாரி ஒன்று கவிழ்ந்து ரோடெல்லாம் சிவப்பாகக் கிடந்தது.

"ஐயா, எனக்கு மகள் பொறந்திருக்கா! நாலு மணிக்கு நான் நீஷ்ல இருக்கணும்!"

"வாழ்த்துகள்ப்பா" என்று வெலிசார் கையைப் பிடித்துக் குலுக்கினார் போலீஸ்காரர். "ஆனா தர்ப்பூசணிக்கு அது தெரியலையே. மலை மேல பழைய ரோடு இருக்கு, அதுல போ."

பழைய ரோடு என்றால் பிளோச்சே ஏற்றம். ஷாருலாவுக்கு ஏற்றம் ஆகாது. ரெண்டாவது வளைவிலேயே என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. எங்கள் ஊரில் இதற்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும். என்ஜினின் சூடு உள்ளே இருக்கிறவன் காலடிக்கு வந்துவிடும், என்ஜின் பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கிறவன் பிழைப்பது அவன் பாடு.

வெளியே முப்பத்தொன்பது டிகிரி. உள்ளே ஹீட்டர் அனலைக் கக்கியது. திறந்திருந்தது ஒரே ஒரு ஜன்னல்.

"திஹோமிர், தங்கம், இன்னொண்ணத் திறக்கறேண்டா" என்று கெஞ்சினான் குரூயா.

"கூடாது! வேர்த்த உடம்புல குறுக்குக் காத்து விழுந்தா நுரையீரலுக்கே போயிடும்!"

"செத்துப்போனா நுரையீரல் எதுக்குடா உனக்கு?" என்று வெலிசார் கத்தினான். கத்தினானே தவிர, அவன் கண் கடிகாரத்திலேயே இருந்தது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப் பிழியலாம் போலாகிவிட்டது. "இவன் காத்தும் இவன் பஞ்சும்! உன்னை மாதிரி ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததே இல்ல!"

உச்சிக்கு இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி. அங்கே ஷாருலா உஸ்ஸென்று ஆவியைக் கிளப்பிவிட்டு நின்றாள். மணி மூணு பத்து. ரேடியேட்டரில் தண்ணி வற்றிப்போயிருந்தது. சுற்றிலும் காய்ந்த புல், ஒரு கல்மேடு, எங்கேயும் சொட்டுத் தண்ணி இல்லை.

வெலிசார் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "மறுபடியும்டா" என்றான். "மறுபடியும் அவ வந்து நின்னு பார்ப்பா. கீழ நான் இருக்க மாட்டேன்."

"என்ன வெயில்டா இது" என்று பழக்கத்தில் முணுமுணுத்தான் குரூயா. சொன்னதும் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது திஹோமிர் துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்க்கோடு முன்னால் வந்தான். "இருபது நிமிஷம் ஆறட்டும். அப்புறம் இதை ஊத்தலாம்."

"டீயையா?"

"கொதிச்ச என்ஜினுக்குப் பச்சத்தண்ணி ஊத்தினா வெடிச்சிடும். சூடாத்தான் ஊத்தணும். ஒன்றரை லிட்டர் இருக்கு. நல்லவேளை, சர்க்கரை போடல."

ஐயோ, அந்த இருபது நிமிஷம்! வெலிசார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூடியைத் தொட்டான், சுட்டுக்கொண்டான், மறுபடி தொட்டான். கடைசியில் திஹோமிர் டீயைச் சொட்டு சிந்தாமல் ஊற்றினான். சாமந்திப்பூ வாசனை குப்பென்று எழுந்தது. சாவியைத் திருப்பியதும் ஷாருலா இருமினாள், தும்மினாள், கிளம்பிவிட்டாள்! குரூயா திஹோமிரின் வழுக்கைத் தலையைப் பிடித்து முத்தம் வைத்தான்.

இறக்கத்தில் பறந்தார்கள். நீஷ் ஊருக்குள் நுழையும்போது மணி நாலைத் தாண்டி ஐந்து நிமிஷம். ரெண்டு சிக்னல், ஒரு மாட்டுவண்டி. ஆஸ்பத்திரி வாசலில் மணி நாலு பன்னிரண்டு. வெலிசார் சாவியைக்கூட எடுக்கவில்லை, கதவைத் திறந்துபோட்டு ஓடினான். மத்த ரெண்டு பேரும் பின்னால் இரைக்க இரைக்க ஓடினார்கள்.

முற்றத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் அண்ணாந்து நின்று ஆளுக்கொரு பேரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். வெலிசார் மூணாவது மாடியை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசிக்கு முந்தின ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் ராத்மிலா. எத்தனை நேரமாக நிற்கிறாளோ, நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி முற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்துவிட்டாள்.

அவள் முகம் மலர்ந்ததைக் கீழே நின்ற மூணு பேருமே பார்த்தார்கள். அவசரமாகத் திரும்பி நர்சம்மாவிடமிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை வாங்கினாள். ஒரு கையால் ஜன்னலை விரியத் திறந்து, மகளை மார்பு உயரத்துக்கு ஏந்திக் காட்டினாள். சின்னச் சிவப்பு முகம், ஒரு கொத்துக் கறுப்பு முடி. அவளுக்குப் பின்னால் அறைக்கதவும் திறந்துதான் இருந்தது. ஜன்னல் திரை புஸ்ஸென்று உப்பி வெளியே பறந்தது.

பதினேழு வருஷம் சேர்த்து வைத்தவன் வாயைத் திறந்தான்.

"ஜன்னலை மூடு! ராத்மிலா! ஜன்னலை மூடு! குறுக்குக் காத்து! பிள்ளைக்குக் காத்து அடிக்குது, மூடு!"

முற்றமே திரும்பிப் பார்த்தது. மேலே நர்சம்மா பதறிப்போய்ப் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் ராத்மிலா சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தோள் குலுங்கியது. குழந்தையின் கையைப் பிடித்து அவனைப் பார்த்து ஆட்டினாள். வெலிசார் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். கண்ணீர் தாடை வழியாகச் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

நாலேகாலுக்குத் திரை விழுந்தது. அதுக்கப்புறமும் அவன் அண்ணாந்தபடியே நின்றான்.

திஹோமிர் மெதுவாக அவன் பக்கத்தில் வந்தான். காதுப் பஞ்சை எடுத்தான். "என்ன சொன்ன? எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

"போடா" என்றான் வெலிசார்.

"அவ பார்த்துட்டா" என்றான் குரூயா. அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காலரைப் பிடித்தார்கள். நல்ல துணி, நல்ல தையல். முதல் இழுப்புக்கு வரவே இல்லை. முற்றத்தில் நின்ற முன்பின் தெரியாத அப்பன்மாரெல்லாம் வந்து கை கொடுத்தார்கள். சர்ரென்று கிழிந்தபோது ஓவென்று ஒரே சத்தம். வெலிசார் வெற்றுடம்போடு நடுவில் நின்று சிரித்தான்.

திரும்பும்போது லாரியை அப்புறப்படுத்தியிருந்தார்கள். வண்டியில் ஏறியதும் வெலிசார் தன் பக்கத்து ஜன்னலைத் தானே ஏற்றிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் குரூயா வாயைத் திறந்தான்.

"மொத மூணு மாசம் தூக்கம் கிடையாது, மாப்ள. என் ரெண்டாவது இருக்காளே, அவளுக்குப் பல்லு முளைச்சப்ப..." சட்டென்று நிறுத்தினான். பழைய வேலி. ஓரக்கண்ணால் வெலிசாரைப் பார்த்தான்.

"சொல்லு. பல்லு முளைச்சப்ப என்ன பண்ணினா?"

மடை திறந்த மாதிரி கொட்டினான் குரூயா. மூத்தவன் நாய்க்குட்டியைத் தொட்டிலில் ஒளித்துவைத்தது, ரெண்டாவது அவன் விரலைக் கடித்தது, கடைசிப்பயல் முதல் வார்த்தையாக அப்பா என்று சொல்லாமல் எதிர்வீட்டுக்காரன் பேரைச் சொன்னது. இடையிடையே திஹோமிர் புகுந்து வயிற்றுவலிக்குச் சோம்புத்தண்ணி, காதுவலிக்கு வெதுவெதுப்பான எண்ணெய் என்று வைத்தியம் சொன்னான். எத்தனை வருஷக் கதை! அத்தனையையும் வாய்க்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். வெயிலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

பிரோட் வந்தது. குரூயா வீட்டு வாசலும் வந்தது. கடைசிப்பயலுக்கு அம்மை போட்ட கதை அப்போதுதான் பாதியில் இருந்தது. வெலிசார் பிரேக்கை மிதிக்கவில்லை. வாசலைத் தாண்டி நேராகப் போய், ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.